ஆணிப் பலகை

ஜெனரேட்டர் நின்னது நல்லதாப் போச்சு. ஆளாளுக்கு கத்திக்கிட்டு இருந்தீங்க. இப்பப் பாரு, எல்லாரும் அடுப்பங்கிட்ட ஒட்டிக்கிட்டீங்க. கிரீஷா, நீயும் இந்தப் பக்கம் தள்ளி உக்காரு... கதவுக்கு முதுகு காட்டாத. வேண்டாமா? சரி, உன் இஷ்டம். பாதிக் கதையில நீயே எந்திரிச்சு வருவ.

சாயங்காலம் அஞ்சு மணி... அக்டோபர் மாசம். கிழவன் மலை அடியில, ஏரியில இருந்து காவல் குடிசைக்குப் போற சாம்பல் ரோடு. ரோடுன்னா என்ன ரோடு... கிழவன் எப்பவோ துப்பிவச்ச கருஞ்சாம்பல், அதுல நடந்து நடந்து விழுந்த தடம். மேல மலை புகையுது. காத்துல கந்தக நாத்தம். முட்டை போட்டுட்டுச் செத்த சால்மன் மீன் கரை முழுக்க அழுகிக் கெடக்கு, அந்த நாத்தம் வேற. அந்தத் தடத்துல ஒருத்தன் தனியா வர்றான். காலைல அதே வழியா ரெண்டு பேராப் போனாங்க.

வர்றவன் திரும்பியே பாக்கல.

என்கூட மீன் ஆலையில நின்னானே லவ்ரென்தி, எதுக்குமே சிரிக்க மாட்டானே, அவனோட தாய்மாமன் ரெண்டு பேர். மூத்தவன் ஜகார். இளையவன் யெபீம். ரெண்டு பேருக்கும் சரணாலயத்துல காவல் வேலை. ஹெலிகாப்டர் கொண்டுபோய் இறக்கிவிட்டா மாசக் கணக்குல அந்தக் குடிசைதான் கதி. நடந்து வந்தவன் ஜகார். யெபீம்... யெபீம் ஏரியில இருந்தான்.

நம்ம பழைய ஆளுங்ககிட்ட ஒரு வழக்கம் இருந்துச்சு, தெரியும்ல? தண்ணியில விழுந்தவன எடுக்கக் கூடாது. கை குடுக்கக் கூடாது. அவனாத் தத்தளிச்சு கரையேறி வந்தாலும் வீட்டுக்குள்ள விடக் கூடாது. யாரும் பேச மாட்டாங்க, சாப்பாடு குடுக்க மாட்டாங்க. அவன் செத்தவன்னு கணக்கு. ஏரி கேட்டவன நீ எடுத்துக்கிட்டா, அவனுக்குப் பதிலா ஏரி உன்னக் கேக்கும். சிரிக்காதீங்க. இப்ப யாரு அதெல்லாம் பாக்கறா, படகுக்குப் படகு ரப்பர் வளையம் தொங்குதுன்னுதான் நானும் நெனச்சிருந்தேன்.

அன்னைக்கு கிழவன் பக்கத்துல இருந்து காத்து திடீர்னு எறங்குச்சு. யெபீம் படகுல நின்னு வலை இழுத்துக்கிட்டு இருந்தான். ஜகார் கரையில. படகு கவுந்துச்சு. கூப்பிடு தூரம்கூட இல்ல, எறிஞ்சா விழற தூரம். ஜகார் கையில கயிறு இருந்துச்சு. அவன் எறியல. கை தவறி விடவும் இல்ல. நிதானமா சுருட்டி... கீழ வச்சான். வச்சுட்டு வீட்டப் பாத்து நடந்தான்.

குடிசைக்கு வந்தான். அடுப்பப் பத்தவச்சான். தேத்தண்ணி போட்டான். இருட்டறதுக்கு முன்னால தினமும் செய்யற வேலையையும் செஞ்சான்... ஆணிப் பலகைய வாசல்ல போட்டான். பாத்திருப்பீங்க, நீளப் பலகை நெறைய விரல் நீள ஆணி, கூர் மேல பாத்து இருக்கும். கரடி கதவாண்ட வந்து உரசாம இருக்க. போட்டுட்டு உள்ள வந்து தாழ்ப்பாள் போட்டான்.

கொஞ்ச நேரத்துல கதவத் தட்டற சத்தம்.

அவன் திறக்கல. ரொம்ப நேரம் தட்டுச்சு... அப்புறம் நின்னுடுச்சு. விடிஞ்சதும் திறந்து பாத்தான். யெபீம் வாசல்ல முழங்காலக் கட்டிக்கிட்டு உக்காந்திருந்தான். தலைமுடியெல்லாம் பனிக்கட்டி. ஜகார் அவனைச் சாக்குல போட்டு, அதே சாம்பல் ரோடு வழியா இழுத்துட்டுப் போயி, திரும்ப ஏரிக்கே குடுத்துட்டான். அதுக்கப்புறம்தான் ரேடியோவுல சொன்னான். "படகு கவுந்துருச்சு. தம்பி முழுகிட்டான். ஓவர்."

அவங்க ரெண்டு பேரும் கதவுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நின்னு என்ன பேசிக்கிட்டாங்கன்னு ஜகாருக்கு மட்டும்தான் தெரியும். அப்படித்தான் அவன் நெனச்சுக்கிட்டு இருந்தான்.

உடம்பு கரை ஒதுங்குச்சு. அவங்க ஊரு பெலயாவுக்குக் கொண்டு வந்தாங்க. யெபீமோட பெண்டாட்டி உஸ்தின்யா பள்ளிக்கூடத்துல சமையக்காரி. சிரிச்சா பக்கத்துத் தெருவுக்குக் கேக்கும், அப்படி ஒரு பொம்பளை. கட்டுனவ குளிப்பாட்டக் கூடாதில்லயா, வேற ஒரு பொம்பளைதான் குளிப்பாட்டுனா. அவ வெளிய வந்து உஸ்தின்யா காதுல சொன்னா. "உள்ளங்கால் ரெண்டுலயும் ஓட்டை இருக்குடி. வரிசையா... ஊசியால குத்தி வச்ச மாதிரி."

"மீன் கடிச்சிருக்கும்"னு பக்கத்துல நின்னவங்க சொன்னாங்க. வரிசை போட்டுக் கடிக்கற மீன் எந்த ஏரியில இருக்குன்னு யாரும் கேக்கல. உஸ்தின்யாவும் கேக்கல. சாவுச் சாப்பாட்டுல ஜகார் பக்கத்துல போயி உக்காந்தா. அப்பா பேரையும் சேத்து மரியாதையாத்தான் கூப்பிட்டா.

"ஜகார் லுகிச், அவரு கரைக்கு வரவே இல்லையாங்க?"

"வரலம்மா."

"ஒரு தடவகூட கூப்பிடலையா?"

"சத்தமே இல்லம்மா. கல்லு மாதிரி போயிட்டான்"னு சொல்லி சிலுவை போட்டுக்கிட்டான். போட்ட கையாலயே ஒரு பிளினிய, அந்த மெல்லிசு தோசைய, சுருட்டி வாயில தள்ளுனான். நல்லாச் சாப்பிட்டான் அன்னைக்கு. நல்ல தூக்கம், நல்ல சாப்பாடு. இந்த மாதிரி ஆளுங்களுக்குத்தான் அதெல்லாம் வாய்க்கும்.

நாப்பதாம் நாள் வந்துச்சு. ஆவி கிளம்பிப் போற நாள். "அவரு போன எடத்துலயே ஒரு கிளாஸ் வோட்கா வைக்கணும், என்னையும் கூட்டிட்டுப் போங்க"ன்னா உஸ்தின்யா. ஊரே கேக்கக் கேட்டா. ஜகார் எப்படி மாட்டேம்பான்?

ரோதியோன்னு ஒரு பைலட். ரெண்டு பேரையும் மத்தியானம் சாம்பல் திட்டுல இறக்கிவிட்டான். "மூடுபனி வருது. நான் நிக்க மாட்டேன். நாளைக்கு மத்தியானம் வர்றேன், ரெடியா இருங்க"ன்னுட்டுப் போயிட்டான்.

குடிசைக்கு வந்ததும் உஸ்தின்யா கண்ணுல மொதல்ல பட்டது ஆணிப் பலகைதான். செவுத்துல சாச்சு வச்சிருந்தான். கிட்டப் போனா. கையுறையக் கழட்டிட்டு உள்ளங்கைய ஆணி மேல வச்சு லேசா அழுத்திப் பாத்தா. வரிசையாப் புள்ளி விழுந்துச்சு. கையுறைய மாட்டிக்கிட்டு உள்ள போயிட்டா.

மேசையில ஒரு கிளாஸ் வோட்கா வச்சு, மேல ஒரு துண்டு ரொட்டி வச்சா. மூடுபனி ஜன்னல அடைச்சுருச்சு. இருட்டற நேரம். ஜகார் பலகைய எடுத்துட்டு வாசலுக்குப் போனான்.

"இன்னைக்கு ஒரு நாள் வேண்டாமே ஜகார் லுகிச்"ன்னா அவ. "அவரு நாளு. வந்தாலும் வருவாரு. கால்ல குத்திடப் போகுது."

அவன் மூஞ்சி ஒரு மாதிரி ஆச்சு. "கரடி வரும்மா"ன்னான். போட்டான். தாழ்ப்பாள் போட்டான்.

ரெண்டு பேரும் எதிர் எதிரா உக்காந்தாங்க. அடுப்புல பிர்ச் கட்டை வெடிக்குது... டப்... டப். வெளிய காத்துகூட இல்ல. அப்ப ஒரு வாசனை வந்துச்சு. மீன் நாத்தம் இல்ல. கந்தகம் இல்ல. நனைஞ்ச கம்பளி, கூட கொஞ்சம் படகு பெட்ரோல்.

அப்புறம் சாம்பல்ல காலடி. சரக்... சரக்... சரக்.

வாசல்கிட்ட வந்து சத்தம் மாறுச்சு.

சதக்.

அந்தச் சத்தம் என்னன்னு உஸ்தின்யாவுக்குச் சொல்ல வேண்டியதில்ல. வெறுங்கால்... ஆணி மேல.

டொக். டொக். டொக்.

"அண்ணே... திற. நான்தான்."

யெபீம் கொரல். உஸ்தின்யா எந்திரிச்சுட்டா. ஜகார் அவ கையப் பிடிச்சான். அவன் கை ஐஸா இருந்துச்சு. அவ அவன் மூஞ்சியப் பாத்தா... பாத்துட்டு அப்படியே நின்னுட்டா. ஜகார் உதடு அசையுது. சத்தமே வரல. உதடு மட்டும் அந்த ராத்திரி சொன்னதையே திரும்பச் சொல்லுது.

அந்த உதடு நின்னதும் வெளிய கொரல் பதில் சொல்லுச்சு.

"என்னண்ணே வெளையாடற? நான் செத்தவனா? செத்தவன் எங்கயாவது பல்லு தந்தியடிக்க நிப்பானா?"

திரும்ப ஜகார் உதடு அசைஞ்சுது.

"அம்மாவா? அம்மா ஆயிரம் சொல்லும்ணே. நான் முழுகவே இல்ல. படகப் புடிச்சுக்கிட்டே அந்த மொனையில ஏறிட்டேன். நெசமாண்ணே."

உதடு.

"சரி. இந்த ஆணிப் பலகையை மட்டுமாவது உள்ள இழு. பூட்ஸ் தண்ணியோட போயிருச்சு. காலு ரெண்டும்... அண்ணே, காலு ரெண்டும் வலிக்குதுண்ணே."

உதடு. இந்தத் தடவை ஒரே ஒரு வார்த்தை. முடியாதுங்கற வார்த்தை. அத யாரு உதட்டுலயும் படிக்கலாம்.

"உள்ள வரல போ. ஒரு போர்வைய வீசு. வாசல்லயே கெடக்கறேன்... போர்வையும் கெடையாதா?"

வெளிய அவன் சிரிச்சான். சின்ன வயசுல அண்ணன் தம்பி சண்டையில சிரிப்பாங்களே, அந்தச் சிரிப்பு. அவன் இன்னும் நம்பல பாரு. அண்ணன் கடைசியில திறந்துருவான்னே நெனச்சுக்கிட்டு நிக்கறான்.

"சரி, ஒண்ணு செய். அந்தச் சின்னப் பலகைய நகத்து." கதவு பக்கத்துல கரடி நிக்குதான்னு பாக்க ஒரு கை நுழையற ஓட்டை இருக்கும்ல, அதச் சொல்றான். "என் கையத் தொட்டுப் பாரு. அப்பாவ நீதான தூக்குன. செத்த கை எப்படி இருக்கும்னு உனக்குத் தெரியும்ல? அக்குள்ள வச்சு சூடு பண்ணி வச்சிருக்கேண்ணே. தொட்டுப் பாரு. சூடு இல்லன்னா நானே போயிடறேன்."

உஸ்தின்யா கையப் பிடிச்சிருந்த ஜகாரோட கை தானா விட்டுச்சு. தானா மேல எழும்புச்சு. அவன் தலை வேண்டாம் வேண்டாம்னு ஆடுது. கை கேக்கல. போயி பலகைய நகத்துச்சு... வெளிய நீண்டுச்சு.

"பாத்தியா?" யெபீம் கொரல்ல அவ்வளவு சந்தோஷம். "சூடுதான? நாடி அடிக்குதுல்ல? நான் சொன்னேன்ல! திற, சீக்கிரம் திற... அண்ணே? ஏண்ணே மூடற?"

கை உள்ள வந்துருச்சு. மணிக்கட்டு வரைக்கும் ஈரம். சொட்டுது.

அப்புறம் தட்டறது மட்டும் கேட்டுச்சு. தட்டத் தட்ட சத்தம் கீழ எறங்கிக்கிட்டே வருது. நின்னு தட்டுனவன் உக்காந்து தட்டறான்.

"அண்ணே... உஸ்தாகிட்ட சொல்லிடாத. நான் வாசல்ல கெடந்தேன்னு மட்டும் சொல்லிடாத. ஏரியில போயிட்டான்னு சொல்லு. இதுன்னா ரொம்ப அழுவா."

அப்புறம்...

"தூக்கம் வருதுண்ணே."

அவ்வளவுதான். அடுப்புக் கட்டை டப்புன்னு ஒண்ணு வெடிச்சுது.

உஸ்தின்யா அழல. லவ்ரென்தி அடிச்சுச் சொல்றான், அத்தை அழவே இல்லையாம். மேசையில உக்காந்தா. பேச்சுல மரியாதை மட்டும் போயிருச்சு.

"தொட்டியா?"

"...தொட்டேன்."

"சூடா இருந்துச்சா?"

"இருந்துச்சு."

"அப்புறமும் மூடிட்ட."

"ஏரி கேட்டுச்சும்மா!"ன்னு கத்துனான். "கயித்தச் சுருட்டிக் கீழ வச்சுட்டேன், அதோட முடிஞ்சுதுன்னு நெனச்சேன். அவன் ஏன் வரணும்? அவன எடுத்தா அடுத்தது நான். உனக்குத் தெரியாதா? நீயும் இந்த ஊர்க்காரிதான?"

"தெரியும்"ன்னா.

எந்திரிச்சா. செவுத்துல மாட்டியிருந்த துப்பாக்கிய எடுத்தா. பள்ளிக்கூடத்துல பானை தூக்கற கை, துப்பாக்கியெல்லாம் அதுக்கு ஒரு கனமா?

"வெளிய போ."

அவன் சிரிக்கப் பாத்தான். "பைத்தியமா உனக்கு? வெளிய கரடி இருக்கு."

"கரடிக்குத்தான பலகை போட்டிருக்க. போ... இரு. பூட்ஸக் கழட்டு."

"என்னது?"

"அவருக்கு இல்லல்ல. உனக்கு எதுக்கு?"

கழட்டுனான். திறந்து வெளிய தள்ளுனா. வாசல்ல யாரும் இல்ல... ஆணிப் பலகை மட்டும் நனைஞ்சு கெடந்துச்சு. அவன் மிதிச்ச சத்தம் கேட்டுச்சு. கத்துன சத்தமும் கேட்டுச்சு. தாழ்ப்பாள் போட்டா.

மொதல்ல அதட்டுனான். நான் யாரு தெரியுமா, போலீஸ்ல சொல்லுவேன், உன்ன ஜெயிலுக்கு அனுப்புவேன். அப்புறம் கொஞ்சுனான். தங்கச்சி, தாயே, வீட்ட உன் பேருக்கு எழுதறேன். அப்புறம் அழுதான். உஸ்தின்யா கொண்டு வந்திருந்த காஞ்ச மீனப் பிரிச்சு, கொஞ்சம் கொஞ்சமா கிழிச்சு மென்னுக்கிட்டு இருந்தா. அன்னைக்கு முழுக்க அவ சாப்பிடல இல்லயா. பசிச்சுதாம். அவளே சொன்னது.

திடீர்னு அவன் அழுகை நின்னுச்சு.

"யாரு?"

சரக்... சரக்... சரக்.

"யாருன்னு கேக்கறேன்ல? கிட்ட வராத. என்ன வேணும் உனக்கு? போர்வையா? தர்றேன், உள்ள இருக்கு, வாங்கித் தர்றேன்... யெபீம்... டேய், யெபீம்... விடுறா..."

சாம்பல்ல எதையோ இழுத்துட்டுப் போற சத்தம். சாக்கு இழுத்தா கேக்குமே. ஏரிப் பக்கமா தேஞ்சு தேஞ்சு போச்சு. அப்புறம் தண்ணி. தொபுக்குன்னு ஒரு தடவைதான்.

எவ்வளவு நேரம் ஆச்சோ... திரும்பக் காலடி. இந்தத் தடவை ரெண்டு ஜோடி.

சதக். சதக்.

"உஸ்தின்யா..." ஜகார் கொரல். இப்ப அதட்டல் இல்ல, கெஞ்சல் இல்ல, களைச்சுப் போன கொரல். "ஏரியில விழுந்துட்டேம்மா. நீந்திக் கரையேறிட்டேன். உசுரோடதான் இருக்கேன். நம்பலன்னா தொட்டுப் பாரு."

உஸ்தின்யா போனா. சின்னப் பலகைய நகத்துனா. கைய நீட்டுனா.

சூடா இருந்துச்சாம். நாடி அடிச்சுதாம்.

மூடிட்டா.

கிரீஷா, என்ன எந்திரிச்சுட்ட? வா வா, இங்க எடம் இருக்கு. நீ பயந்தத யாருகிட்டயும் சொல்ல மாட்டேன், உக்காரு.

மூடிட்டு திரும்பி வந்து உக்காந்தா. அப்பத்தான் இன்னொரு கொரல் கூப்பிட்டுச்சு. இந்தத் தடவை அண்ணேன்னு இல்ல.

"உஸ்தா... நானும் இங்கதான் நிக்கறேன். குளிருதுடி."

அதுக்கு மேல அவளால முடியல. யாரால முடியும்? திறந்துட்டா.

மறுநாள் மத்தியானம் ரோதியோன் வந்தான். விசில் அடிச்சான், கூப்பிட்டான், யாரும் வரல. கதவு உள்பக்கம் தாழ்ப்பாள். ஓங்கி ஒரு உதை விட்டான். உஸ்தின்யா திறந்தா. வாயில விரல வச்சா.

"மெதுவா... ரெண்டு பேரும் இப்பத்தான் கண்ணசந்தாங்க."

உள்ள அடுப்பு சிவக்க எரியுது. ரோதியோனுக்கு வேர்த்துக் கொட்டுச்சாம், அவ்வளவு சூடு. மேசையில மூணு கிளாஸ் தேத்தண்ணி. ஒண்ணு குடிச்சு காலி. மத்த ரெண்டும் அப்படியே... உறைஞ்சு கட்டியாக் கெடந்துச்சு. ரெண்டு கட்டில்லயும் போர்வைய கழுத்து வரைக்கும் போத்திவிட்ட மாதிரி ஒழுங்கா மடிச்சு விட்டிருக்கு. போர்வைக்குள்ள யாரும் இல்ல. கட்டில் பலகை வழியா தண்ணி சொட்டுது.

ஜகாரத் தேடுனான். ஏரிக்கரையில வெறுங்கால் தடம் ஒண்ணு தண்ணிக்குள்ள போயிருக்கு. திரும்பி வந்த தடம்... ஒண்ணும் இல்ல. அவன் உடம்பு இன்னைக்கு வரைக்கும் கெடைக்கல.

அவளக் கூட்டிட்டுக் கிளம்புனான். ரோதியோன் வாயத் திறந்து அதிகம் பேசற ஆளில்ல. குடிச்சா மட்டும் ஒண்ணு சொல்லுவான். "ஒரு பொம்பளைய ஏத்துன ஹெலிகாப்டர் அப்படி எந்திரிக்காது. இன்னும் ரெண்டு ஆம்பளை பாரம் இருந்துச்சு. கைக்குத் தெரியும்."

பெலயாவுல இறங்குனதும் உஸ்தின்யா தன் வீட்டுக்குப் போகல. நேரா பெலகேயா வீட்டுக்குப் போனா. பெலகேயாதான் லவ்ரென்தியோட அம்மா, அந்த ரெண்டு பேருக்கும் அக்கா. தூக்கி வளத்தவ. பொழுது சாயற நேரம், பனி கொட்டுது. கதவத் தட்டுனா.

"அக்கா, திற. தம்பிங்க ரெண்டு பேரையும் கூட்டிட்டு வந்துட்டேன்."

பெலகேயா தாழ்ப்பாள் மேல கை வச்சுட்டா, அதக் கேட்டதும் எடுத்துட்டா. "என்ன நடந்துச்சு? அங்க இருந்தே சொல்லு"ன்னா. குடிசையில நடந்ததுன்னு நான் சொன்னேனே, அதெல்லாம் உஸ்தின்யா அந்த வாசல்ல பனியில நின்னு கதவு வழியா சொன்னதுதான். ஒண்ணு விடாம சொன்னா. "சூடா இருந்துச்சுக்கா. ஆனாலும் மூடிட்டேங்க்கா"ங்கறதையும் சொன்னா. முடிச்சுட்டு, "இப்ப திறக்கா. எங்களுக்குக் குளிருது"ன்னா.

லவ்ரென்தி அப்ப எளவட்டம். உள்ளதான் நின்னுக்கிட்டு இருந்தான். "அம்மா, அத்தையை மட்டுமாவது விடும்மா"ன்னான்.

"அவ அவங்கள உள்ள விட்டுட்டாடா. இனி அவளும் அங்கதான்."

"உசுரோட நிக்கறாம்மா! நீ வேணா கையத் தொட்டுப் பாரு."

பெலகேயா அவனைத் திரும்பிப் பாத்தா. "தொட்டுப் பாத்து சூடா இருந்துச்சுன்னா, அப்புறம் நான் என்னடா பண்ணுவேன்?"

திறக்கல. லவ்ரென்தியும் திறக்கல. ஏன் திறக்கலன்னு என்னக் கேக்காத, நீ இருந்தா திறந்திருப்பியாக்கும். விடிஞ்சு பாத்தா உஸ்தின்யா படியில முழங்காலக் கட்டிக்கிட்டு உக்காந்திருக்கா. பெலயாவுல இருந்து ஏரி எவ்வளவு தூரம்னு உங்களுக்கே தெரியும். மழையும் இல்ல. அவ பாவாடை, சால்வை, தலைமுடி... அத்தனையும் நனைஞ்சு உறைஞ்சு கெடந்துச்சு.

ஆனா லவ்ரென்தி தூக்கம் போனது அதனால இல்ல. முந்துன நாள் சாயங்காலம், கதவத் தட்டற சத்தம் இன்னும் கேட்டுக்கிட்டே இருந்தப்ப, அவன் அம்மாவுக்குத் தெரியாம ஜன்னல் திரைய ஓரமா வெலக்கிப் பாத்திருக்கான். வாசல்ல அத்தை மட்டும்தான் நின்னா. வேற யாரும் இல்ல. கதவுல இருந்து நாலு அடி தள்ளி நின்னா... சால்வைய ரெண்டு கையாலயும் நெஞ்சோட இறுக்கிப் பிடிச்சுக்கிட்டு.

கதவு தட்டறது மட்டும் நிக்கல.